நிற்கத் தெரிந்த இயந்திரம்

மருந்துத் தொழிற்சாலையில் பேக்கிங் மெஷின் வாங்குவதற்கான கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும், மேசையைச் சுற்றி உட்காருபவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவர்கள். கொள்முதல் அதிகாரி, உற்பத்தி மேலாளர், தர உறுதிப் பிரிவிலிருந்து ஒருவர், பராமரிப்புப் பொறியாளர், பணம் போடப்போகிற முதலாளி அல்லது அவருடைய கணக்காளர். எதிரில் மெஷின் விற்பவர். அவர் நீட்டும் வண்ணத்தாளின் முதல் வரியில் ஓர் எண் இருக்கும்: நிமிடத்துக்கு இத்தனை அட்டை. பேச்சு அங்கே தொடங்கி, பெரும்பாலும் அங்கேயே முடிந்தும் விடும். 300 அட்டை என்றால், அட்டைக்குப் பத்து வீதம், நிமிடத்துக்கு 3000 மாத்திரை. ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு, போட்ட பணம் எப்போது திரும்பும் என்று கணக்கு ஓடத் தொடங்கும்.

அந்த அறையில் இரண்டு பேருக்கு நாற்காலி போடுவதில்லை. ஒருவர், அந்த மெஷினுக்கு முன்னால் எட்டு மணிநேரம் நின்று வேலை பார்க்கப்போகிறவர். இன்னொருவர், ஒன்றரை இரண்டு வருடம் கழித்து எங்கோ ஓர் ஊரில் அந்த அட்டையைத் திருப்பி, தேதியைத் தேடிப் பார்த்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து விழுங்கப்போகிறவர். நிமிடத்துக்கு 300 என்பதில் இவர்கள் இருவருக்கும் ஆதாயம் எதுவும் கிடையாது. அந்த எண்ணைத் துரத்தும்போது நேரும் கேடுகள் மட்டும் இவர்கள் தலையில்தான் விடியும்.

பேக்கிங் செக்‌ஷனில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். பல வகை மெஷின்களோடு பழகிய பிறகு எனக்குள் தங்கியிருப்பது ஒரே ஒரு நம்பிக்கை. மருந்தைப் பொதியும் இயந்திரத்தை அது ஓடும் அழகைப் பார்த்து வாங்கக் கூடாது. அது எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். இதைச் சொன்னால் கொள்முதல் கூட்டங்களில் ஒரு கணம் அமைதி நிலவும், பிறகு பேச்சு மீண்டும் வேகத்துக்குப் போய்விடும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்லிப் பார்க்கிறேன்.

மாத்திரையைச் செய்வதுதான் விஞ்ஞானம், அதைப் பொதிவது கைவேலை என்ற நினைப்பு இந்தத் தொழிலுக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது. நன்றாகப் படித்த பிள்ளைகள் ஆய்வகத்துக்கும் மாத்திரை அழுத்தும் அறைக்கும் போவார்கள். பேக்கிங் பக்கம் வருபவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளிகள். ஆனால் அழுத்தி முடித்த நொடியிலிருந்து மாத்திரைக்கு எதிராகக் காற்றும் ஈரமும் வெளிச்சமும் வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. ஆஸ்பிரின் ஈரம் பட்டால் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியும். பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தால் காடி வாடை அடிப்பது அதனால்தான். அமாக்ஸிசிலினோடு சேர்த்துத் தருகிற கிளாவுலானிக் அமிலம் இன்னும் மோசம். சாதாரண அறைக் காற்றையே அது தாங்காது. பொதியும் அறையை உலர்த்தி வைத்துக்கொண்டுதான் அதைத் தொடவே முடியும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் ஆவியாகிப் பிளாஸ்டிக்குக்குள் ஊடுருவிப் போய்விடும்; எஞ்சும் மாத்திரை பார்வைக்கு அப்படியே இருக்கும், வலி வரும்போது கைகொடுக்காது. அதனால்தான் அதற்குக் கண்ணாடிப் புட்டி. ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிப்பின் வெளிச்சத்தில் சிதையும் என்பதால் ஒளி புகாத உறைக்குள் ஒளிகிறது.

மாத்திரையின் ஆயுளைக் கணிக்க அதை 40 டிகிரி வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்கான நீண்டகாலச் சோதனை 30 டிகிரி, 75 விழுக்காடு. சோதனையில் வைக்கப்படுவது வெறும் மாத்திரை அல்ல, அது விற்கப்படப்போகும் அதே உறைக்குள் இருக்கும் மாத்திரை என்பதை நினைவில் வைக்க வேண்டும். அட்டையில் அச்சிடும் காலாவதித் தேதி மருந்துக்கும் உறைக்கும் சேர்த்து எழுதிய தேதி. நம் கடலோர ஊர்களில் உப்பு ஜாடி தானாகக் கசியும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், குளிரூட்டி இல்லாத மருந்துக்கடையின் மர அலமாரியில் அந்த உறை ஒன்றுதான் மாத்திரைக்குக் காவல்.

ஆகவே எந்த மெஷின் என்று கேட்பதற்கு முன்னால் எந்த உறை என்று கேட்க வேண்டும். எந்த உறை என்பதை மருந்திடமும் தட்பவெப்பத்திடமும் கேட்க வேண்டும். நம் நாட்டில் புழங்குபவை பெரும்பாலும் மூன்று. இரண்டு ஃபாயில்களுக்கு நடுவே மாத்திரையை விழச்செய்து, சூடான உருளைகளால் நாற்புறமும் அழுத்தி ஒட்டுவது ஸ்ட்ரிப். பிளாஸ்டிக் தாளைச் சூட்டில் குழியாக்கி, மாத்திரையை அதில் இட்டு, அலுமினிய ஃபாயிலால் மூடுவது பிளிஸ்டர். இரண்டு பக்கமும் உலோகமாகவே இருப்பது அலு-அலு. கடைசியாகச் சொன்னதில் 25 மைக்ரான் நைலான், 45 மைக்ரான் அலுமினியம், 60 மைக்ரான் பிவிசி என்று மூன்று படலங்கள் ஒட்டிய தாளைச் சூடு காட்டாமலே அச்சில் அமுக்கிக் குழியாக்குகிறார்கள். ஈரம் உள்ளே போக வழியே இல்லை என்று சொல்லலாம். ஆனால் அலுமினியம் இளகிய பிளாஸ்டிக்கைப் போல நீளாது. குழியின் சுவரைச் செங்குத்தாக இறக்கினால் கிழியும். எனவே குழி அகலமாகிறது, அட்டை பெரிதாகிறது, ஃபாயில் இரண்டு மடங்குக்கு மேலும் போகலாம்.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஈரத்துக்கு அஞ்சாத சாதாரண மாத்திரையைக்கூட அலு-அலுவில் போட்டு விற்கும் பழக்கம் பரவியிருக்கிறது. தடித்த, மினுங்கும் அட்டை விலையுயர்ந்த மருந்து என்ற தோற்றத்தைத் தருகிறது என்பதே காரணம். அந்த உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் பணம் கொடுப்பவர் நோயாளி. உரித்த பிறகு அதைப் பிரித்து மறுசுழற்சி செய்வதும் கடினம். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: உலோக உறை தேவைப்படும் மருந்துக்கு மலிவான பிவிசி போதும் என்று நினைப்பது. முதலாவது பணத்தை வீணாக்குகிறது, இரண்டாவது மருந்தை வீணாக்குகிறது.

பிளிஸ்டர் மெஷினைக் கிட்ட நின்று பார்க்காதவர்களுக்காக அதன் வேலையைச் சொல்கிறேன். ஒரு முனையில் பிவிசி சுருள் ஏற்றப்பட்டிருக்கும். தாளின் தடிமன் பெரும்பாலும் 250 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டர். சூடான தட்டுகளுக்கு நடுவே போய் அது இளகும். அடுத்த நிலையத்தில் காற்று அதை அச்சுக்குள் தள்ளிக் குழிகளாக்கும். குழிகளில் மாத்திரைகள் வந்து விழும். மேலேயிருந்து 20 அல்லது 25 மைக்ரான் ஃபாயில் இறங்கிப் படியும். அதன் உட்புறப் பூச்சு சூட்டிலும் அழுத்தத்திலும் பிவிசியோடு ஒட்டும். பிறகு குளிர்விப்பு, பேட்ச் எண், வெட்டு. தட்டு வகை மெஷின் நிமிடத்துக்கு 40 முறை அடித்தால், ஒரு சுழற்சிக்கு ஒன்றரை நொடி. அதில் ஒட்டும் தட்டு உண்மையில் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடிக்கும் குறைவு. இரண்டு வருட ஆயுள் அந்த ஒரு நொடிக்குள் தீர்மானமாகிறது. வேகத்தைக் கூட்டும்போது நாம் குறைப்பது அந்த நொடியைத்தான்.

குழியாக்குவதிலும் வேறுபாடு உண்டு. உருளை வகை மெஷினில் இளகிய தாளை வெற்றிடத்தால் உறிஞ்சிக் குழியாக்குகிறார்கள். தட்டு வகையில் அழுத்தக் காற்றால், ஆழமான குழியென்றால் ஒரு முளையும் சேர்ந்து தள்ள, தாள் ஓரளவு சமமாகப் பரவுகிறது. எப்படிச் செய்தாலும் விலைப்பட்டியலில் உள்ள 250 மைக்ரான் குழியின் மூலையில் இருக்காது. அங்கே தாள் மிகவும் மெலிந்திருக்கும். ஈரம் நுழைவது அந்த மெலிந்த மூலை வழியாகத்தான். மெஷின் விற்பவரிடம் அவருடைய மாதிரி அட்டையை வாங்கி, குழியைக் குறுக்கே வெட்டி, மூலையின் தடிமனை அளந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஒரு மைக்ரோமீட்டர் போதும் இதற்கு.

இனி நிற்பதைப் பற்றி. பேக்கிங் மெஷின் ஒரு நாளில் பல முறை நிற்கும். ஃபாயில் தீரும், மாத்திரை சிக்கும், காற்றழுத்தம் குறையும், யாராவது கதவைத் திறப்பார்கள். அப்படி நிற்கும்போது சூடேற்றும் தட்டுகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் பிவிசி அளவுக்கு மீறி இளகிவிடும். ஒட்டும் தட்டு விலகாமல் அங்கேயே இருந்தால் அதன் கீழிருக்கும் மாத்திரைகள் வெந்து கிடக்கும். நல்ல மெஷினில் நின்ற கணத்திலேயே தட்டுகள் தாமாக விலகும். மறுபடி ஓடத் தொடங்கும்போது முதலில் வரும் இத்தனை அட்டைகள் சந்தேகத்துக்குரியவை என்று அது கணக்கு வைத்துக்கொண்டு, தானே அவற்றைக் கழித்துத் தள்ளும். மோசமான மெஷினில் இந்த வேலை முழுவதும் ஆபரேட்டரின் நினைவுக்கும் மனசாட்சிக்கும் விடப்படுகிறது. ஷிப்டு முடிய அரை மணிநேரம் இருக்கும்போது, கணக்குக் காட்ட வேண்டிய அட்டைகள் இன்னும் மீதமிருக்கும்போது, சூடு பட்ட பத்து அட்டைகளைத் தன் கையால் எடுத்துக் குப்பையில் போட வேண்டும் என்று ஒரு தொழிலாளியிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்தச் சோதனைக்கு அவரை ஆளாக்காமலிருப்பது மெஷினைத் தேர்ந்தெடுப்பவரின் கடமை.

2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தொழில் நடத்தியவர்களுக்கு மின்வெட்டு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகளில் மெஷினின் ஒவ்வொரு உறுப்பும் ஒவ்வொரு விதமாக நிற்கும். எந்த அட்டை எந்த நிலையத்தில் இருந்தது, எதை மோசமானது என்று குறித்து வைத்திருந்தது என்பதையெல்லாம் மின்சாரம் போனதும் மறந்துவிடும் மெஷின்கள் இருந்தன. மறக்காதவையும் இருந்தன. விலைப்பட்டியலில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

கழித்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாத்திரை இல்லாத குழியை, உடைந்த மாத்திரையை, நிறம் மாறிய மாத்திரையைக் கேமரா கண்டுபிடிக்கிறது. ஆனால் அது கண்ட இடத்துக்கும் அட்டை வெட்டப்பட்டு விழும் இடத்துக்கும் நடுவே பல நிலையங்கள் உள்ளன. மெஷின் அந்தக் குறையுள்ள அட்டையை அடியடியாகத் தொடர்ந்து நினைவில் வைத்து, சரியான நேரத்தில் விலக்க வேண்டும். விலக்கியது உண்மையிலேயே விழுந்ததா என்று இன்னொரு சென்சார் சரிபார்க்க வேண்டும். விழவில்லையென்றால் மெஷின் நிற்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் ஒரு குழி காலியான அட்டையையும், வேறு நிற மாத்திரை வைத்ததையும் வேண்டுமென்றே உள்ளே விட்டு, மெஷின் பிடிக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். இந்த வழக்கத்தைச் சலிப்போடு செய்கிற இடங்களையும் அக்கறையோடு செய்கிற இடங்களையும் பார்த்திருக்கிறேன். வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் மெஷினிலேயே இருந்தது. நல்ல அட்டைகளையும் சேர்த்துக் கழித்துத் தள்ளும் கேமரா இருந்தால், ஒரு வாரத்துக்குள் யாராவது அதன் உணர்திறனைக் குறைத்து வைப்பார்கள், ஒரு மாதத்துக்குள் அணைத்தே வைப்பார்கள். பொய் எச்சரிக்கை தரும் கருவியை மனிதர்கள் நம்புவதை நிறுத்திவிடுகிறார்கள். அது உண்மை சொல்லும் நாளில் கேட்க ஆளிருக்காது. எனவே எத்தனை குறைகளைப் பிடிக்கிறது என்று கேட்பது போதாது. எத்தனை நல்லவற்றைத் தவறாகப் பிடிக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

ஒட்டு சரியாக விழுந்ததா என்று பார்க்க இன்னமும் பழைய முறைதான். அட்டைகளை நீல நிறச் சாயம் கலந்த நீரில் அமிழ்த்தி, மூடிய பாத்திரத்துக்குள் வெற்றிடம் உண்டாக்கி, கொஞ்ச நேரம் வைத்துவிட்டு விடுவிப்பார்கள். பிறகு துடைத்து, ஒவ்வொரு குழியாகத் திறந்து பார்ப்பார்கள். எங்காவது ஒரு மாத்திரையில் நீலம் ஏறியிருந்தால் வரிசை நிற்கும். கடைசியாகச் சரியாக இருந்த சோதனைக்குப் பிறகு பொதிந்த அட்டைகள் அத்தனையும் கேள்விக்குள்ளாகும். வேகமான மெஷினில் அந்த இடைவெளிக்குள் குவிந்திருக்கும் அட்டைகளின் எண்ணிக்கையும் பெரிது. வேகத்தின் இந்தப் பக்கத்தை வண்ணத்தாளில் யாரும் அச்சிடுவதில்லை.

எல்லாவற்றிலும் பயங்கரமானது கலப்பு. ஒரு மருந்தை முடித்து அடுத்ததைத் தொடங்கும்போது, முந்தைய மருந்தின் ஒரே ஒரு மாத்திரை எங்காவது ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்து, புதிய மருந்தின் அட்டைக்குள் விழுந்துவிடுவது. இரண்டும் வெள்ளையாக, வட்டமாக, ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் கேமராவுக்கும் தெரியாது. சர்க்கரை நோய் மாத்திரை ஒன்று சர்க்கரை நோயில்லாத முதியவரின் அட்டைக்குள் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க மருத்துவப் படிப்பு தேவையில்லை. இதைத் தடுக்கத்தான் லைன் கிளியரன்ஸ்: ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் மெஷினையும் சுற்றுப்புறத்தையும் துடைத்துக் காலியாக்கி, ஒருவர் பார்த்து, இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திடுவது. கையெழுத்து மனிதருடையது. ஆனால் பார்க்க முடியாத இடத்தைப் பார்த்ததாக எழுதவைப்பது மெஷினின் குற்றம்.

ஆகவே மாத்திரை, அதைக் கொட்டிவைக்கும் ஹாப்பரிலிருந்து குழிவரை பயணம் செய்யும் பாதை முழுவதையும் கண்ணால் பார்க்க முடிகிறதா என்று கவனியுங்கள். அதிரும் தட்டு, குழாய்கள், மாத்திரையைத் தள்ளிவிடும் தூரிகைகள், வழிகாட்டும் தடம் எல்லாவற்றையும் ஸ்பேனர் இல்லாமல் கையால் கழற்ற முடிகிறதா? நல்ல மெஷின்களில் மோட்டாரும் பல்சக்கரங்களும் ஒரு சுவருக்குப் பின்னால் இருக்கும். மருந்து ஓடும் பகுதி மட்டும் பால்கனிபோல அந்தச் சுவரிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். தவறி விழும் மாத்திரை எதிலும் சிக்காமல் நேரே கீழே விழுந்துவிடும், கண்ணில் படும். பார்க்க எளிமையான அமைப்புதான். இதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்று தயங்காமல் சொல்வேன். ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அச்சு, ஒட்டும் தட்டு, வெட்டுக் கருவி ஆகியவற்றை மாற்ற வேண்டும். சேஞ்ச் பார்ட்ஸ் என்போம். பத்துப் பன்னிரண்டு மருந்துகளைச் சிறு சிறு பேட்ச்களாகச் செய்யும் தொழிற்சாலையில் மெஷின் ஓடும் நேரத்தைவிட மாற்றும் நேரமே சில நாட்களில் அதிகமாகிவிடும். அங்கே நிமிடத்துக்கு 300 அட்டை என்ற எண்ணுக்குப் பொருள் ஏதும் இல்லை.

அந்த அறையில் இல்லாத இரண்டாம் நபருக்கு வருகிறேன். உறை மருந்தைக் காப்பதோடு நிற்பதில்லை, சாப்பிடவும் நினைவூட்டும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டேவிட் வாக்னர் என்ற பொறியாளர், தன் மனைவி கருத்தடை மாத்திரையை அன்று சாப்பிட்டாரா இல்லையா என்ற குழப்பம் வீட்டில் அடிக்கடி எழுவதைப் பார்த்து, கிழமைகளைக் குறித்த ஒரு வட்டத் தட்டைச் செய்தார். மாத்திரை இருந்த இடம் காலியென்றால் சாப்பிட்டாயிற்று. 1962-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1964-இல் கிடைத்தது. நோயாளி கையில் புட்டியாகக் கிடைத்த மருந்து நாட்காட்டியாக மாறியது அப்போதுதான்.

இதன் மிகப் பெரிய பயனை நான் தொழுநோய் மருந்தில் காண்கிறேன். டாப்சோன் என்ற ஒரே மருந்தை வருடக்கணக்கில் சாப்பிட்டு வந்த காலத்தில் கிருமிகள் அதற்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டன. 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு பல மருந்துகளைச் சேர்த்துத் தரும்படி பரிந்துரைத்தது. மருந்து மூன்றாகிவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் எதை என்று சாப்பிடுவது என்று குழம்பமாட்டாரா? இதற்கு விடை ஓர் அட்டையில் இருந்தது. 28 நாளுக்கான பிளிஸ்டர். அதிகக் கிருமிகள் உள்ள வளர்ந்தவருக்கான அட்டையில் மாதம் ஒருமுறை மருத்துவப் பணியாளர் முன்னிலையில் விழுங்க வேண்டியவை தனி இடத்தில்: இரண்டு ரிஃபாம்பிசின், மூன்று குளோஃபாசிமின், ஒரு டாப்சோன். மீதி 27 நாளுக்கும் நாளொன்றுக்கு ஒரு குளோஃபாசிமின், ஒரு டாப்சோன். மொத்தம் 60. இப்படிப் பன்னிரண்டு அட்டை. 1995 முதல் இது உலகெங்கும் இலவசமாகத் தரப்படுகிறது. இந்தக் கூட்டு மருந்தால் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் குணமடைந்திருக்கிறார்கள். காட்பாடிக்குப் பக்கத்துக் கரிகிரியும் செங்கல்பட்டும் தொழுநோய்ச் சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் பெயர்பெற்ற ஊர்கள். அந்த அட்டையின் அருமை அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

இதை ஒரு பேக்கிங் தொழிலாளியின் கண்ணால் பாருங்கள். ஒரே அட்டையில் வெவ்வேறு வடிவத்தில், வெவ்வேறு நிறத்தில் மாத்திரைகளும் கேப்ஸ்யூல்களும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊட்டும் பாதை வேண்டும், எந்தக் குழியில் எது விழுந்தது என்று பார்க்கும் கண் வேண்டும், அச்சும் குழியும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். ஒற்றை ஹாப்பர் கொண்ட அதிவேக மெஷினால் இந்த அட்டையை ஒருநாளும் செய்திருக்க முடியாது. மெதுவாக ஓடி, பலவற்றைக் கவனிக்கும் மெஷின் யாரோ ஒருவரால் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஒரு காலத்தில் மாத்திரைகள் ஆயிரம் ஆயிரமாக டப்பாவில் வரும். கம்பவுண்டர் எண்ணிக் காகிதத்தில் மடித்துத் தருவார்; வீட்டுக்குப் போவதற்குள் வியர்வை பட்டு ஊறியிருக்கும். பெயரும் இல்லை, தேதியும் இல்லை. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்ட பிறகு மாத்திரைகளை அட்டைகளாக வாங்குவது வழக்கமாயிற்று. விற்பனைக்கு அல்ல, அரசு வழங்கல் என்ற அச்சு அட்டையிலேயே வந்தது. இலவச மருந்து வாங்கும் கூலித் தொழிலாளியின் கைக்கும் பெயரும் தேதியும் உள்ள மூடிய மாத்திரை போய்ச் சேர்ந்தது. கட்டடங்களையும் கருவிகளையும் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மக்கள் நலத்தில் நடந்த பெரிய மாற்றங்களில் ஒன்றாகவே இதை நான் எண்ணுகிறேன்.

ஆனால் அட்டை கடைக்குப் போனதும் கத்தரிக்கோல் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் மருந்தாளுநர் பெரிய புட்டியிலிருந்து எண்ணிச் சிறு குப்பியில் போட்டுப் பெயரெழுதித் தருகிறார். இங்கே கையில் உள்ள காசுக்கு மூன்று மாத்திரை வெட்டி வாங்குகிறோம். அதில் கேவலம் எதுவும் இல்லை. வெட்டித் தர முடிகிற அட்டை ஏழைக்கு ஒரு வசதி. ஆனால் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையின் ஓர் ஓரத்தில் மட்டுமே அடிக்கப்பட்டிருக்கும். வெட்டித் தந்த துண்டில் அது இல்லை. பின்னால் ஒரு பேட்ச்சைத் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவிப்பு வந்தால் அந்த வீட்டில் யாருக்கும் தங்களிடம் இருப்பது அதுதானா என்று தெரியாது. ஒவ்வொரு குழியின் பின்னாலும் தேதியை அச்சிடவும், குழிகளுக்கு நடுவே கிழிப்பதற்குத் துளைக்கோடு இடவும் அலகுகள் உண்டு. மெஷின் வாங்கும்போது கூடுதல் செலவு என்று முதலில் நீக்கப்படுபவை இவைதான். 2023 ஆகஸ்ட் 1 முதல் நாட்டில் அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களில் க்யூஆர் அல்லது பார் குறி கட்டாயமாயிற்று. நல்லது. ஆனால் மூன்று மாத்திரைத் துண்டில் அந்தக் குறியும் சேர்ந்து வருமா என்பதும் வெட்டுக்கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்ததே.

மெஷின் முன் நிற்பவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பேக்கிங் வரிசைகளில் நிற்பவர்களில் பெண்கள் அதிகம். பிவிசி சுருள் ஒன்று இருபது கிலோவைத் தாண்டும். அதைத் தோளுயரத்தில் மாட்ட வேண்டிய மெஷினும் உண்டு, இடுப்புயரத்தில் உருட்டி ஏற்றுகிற மெஷினும் உண்டு. ஹாப்பரில் மாத்திரை கொட்ட ஏணியேற வேண்டுமா? திரையில் வரும் எச்சரிக்கை தமிழில் வருமா, ஆங்கிலத்தில் மட்டுமா? ஓடும்போது இரைச்சல் எவ்வளவு? இவற்றையெல்லாம் நல்லெண்ணத்தின் பேரில் கேட்கும் கேள்விகள் என்று நினைக்க வேண்டாம். களைத்த கண் குறையுள்ள அட்டையைத் தவறவிடும். மருந்தின் தரம் அங்கேயும்தான் இருக்கிறது.

2023 டிசம்பர் இறுதியில் மருந்து உற்பத்தியின் தரநெறிகளை வகுக்கும் ஷெட்யூல் எம் திருத்தி அறிவிக்கப்பட்டது. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு உட்பட்ட நிறுவனங்களுக்கான அவகாசம் பிறகு 2025 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் உள்ள சிறு தொழிற்சாலைகளுக்கு இது பெரிய செலவு. ஜெர்மனியின் லாப்ஹைமிலிருந்தும் இத்தாலியின் பொலோனியாவைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வரும் மெஷின்கள் நேர்த்தியானவை. எல்லாராலும் வாங்க முடியாது. மும்பை, அகமதாபாத் பக்கத்தில் செய்யப்படுபவற்றிலும் மிக நல்லவை உண்டு. பயன்படுத்திய மெஷினை வாங்குவதிலும் தாழ்வு எதுவும் இல்லை, அது நன்றாக நிற்குமானால். உதிரி பாகம் கிடைக்குமா, அழைத்த மறுநாள் வர ஆளுண்டா, சேஞ்ச் பார்ட்ஸ் முழுதாக இருக்கின்றனவா, அதன் கட்டுப்பாட்டு நிரல் யார் கையில் இருக்கிறது என்பவை அது எந்த நாட்டில் பிறந்தது என்பதைவிட முக்கியம். நிமிடத்துக்கு நூறு அட்டை போட்டு, குறையைக் கண்டதும் நிற்கிற பழைய மெஷின், நிற்கத் தயங்கும் புதிய மெஷினைவிட எனக்கு மேலானது.

மெஷினை அனுப்புவதற்கு முன் தயாரிப்பாளரின் இடத்துக்கே போய்ச் சோதித்து ஏற்பது வழக்கம். அதற்குப் போகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. தயாரிப்பாளர் வைத்திருக்கும் மாதிரி மாத்திரையை வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் மாத்திரையையும் உங்கள் ஃபாயிலையும் கொண்டு போங்கள். முழு வேகத்தில் ஓடும்போது சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். ஐந்து நிமிடம் காத்திருங்கள். மறுபடி ஓட்டச் சொல்லி, முதலில் வெளியே வரும் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். மின்சாரத்தை அணைத்துப் போடச் சொல்லுங்கள். வேறு மருந்தின் மாத்திரை ஒன்றை ஹாப்பருக்குள் போட்டுவிட்டு அது எங்கே போகிறது என்று தேடுங்கள். கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று உங்கள் ஆட்களை வைத்தே பாருங்கள். அந்தப் பயணத்துக்கு உங்கள் மெஷின் ஆபரேட்டரையும் கூட்டிப் போங்கள். அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள்.